பரம எதிரிகளைப் பிரித்த கூட்டணித் தாவல்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைச் சில வருடம் கவனிக்காமல் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஒன்றும் புரியாது. கலிஃபோர்னியாக் கல்லூரி அட்லாண்டிக் கரைக் கூட்டணியில் ஆடுகிறது. நூறு வருடம் மோதிய இரண்டு ஊர்கள் இப்போது சந்திப்பதே இல்லை. இப்படிக் குழம்பியவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளும் பதில்களும் இங்கே. ஃபுட்பால் என்று வரும் இடமெல்லாம் அமெரிக்கன் ஃபுட்பால்தான்.

கூட்டணி என்றால் என்ன? அதை யார் நடத்துகிறார்கள்?

அமெரிக்கர்கள் கான்ஃபரன்ஸ் என்பார்கள். பத்துப் பதினைந்து, சில இடங்களில் அதற்கும் மேல், கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் லீக் ஆடிக்கொள்கின்றன, டிவி உரிமையை மொத்தமாக விற்கின்றன, வருகிற பணத்தைப் பங்கு பிரித்துக்கொள்கின்றன. இன்று பெரிய கூட்டணிகள் நான்கு: பிக் டென், எஸ்இசி (தென்கிழக்குக் கூட்டணி), பிக் 12, ஏசிசி (அட்லாண்டிக் கரைக் கூட்டணி). ஐந்தாவதாக இருந்த பேக்-12 என்ன ஆனது என்பதற்குக் கீழே வருகிறேன்.

மேலே என்சிஏஏ என்ற தேசிய அமைப்பு இருக்கிறதே, அது தடுக்காதா என்று கேட்பார்கள். தடுக்காது. யார் எந்தக் கூட்டணியில் இருப்பது என்பது கல்லூரித் தலைவர்களும் கூட்டணி ஆணையர்களும் பேசி முடிக்கிற விஷயம். விலகுகிற கல்லூரி வெளியேறும் கட்டணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கல்லூரிகள் ஏன் தாவுகின்றன?

டிவி பணத்துக்காக. வேறு காரணம் சொல்கிற அறிக்கைகளை நம்ப வேண்டாம்.

1984 வரை எந்த ஆட்டம் டிவியில் வரும், ஒரு கல்லூரி எத்தனை முறை வரலாம் என்பதையெல்லாம் என்சிஏஏ தீர்மானித்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அன்று முதல் உரிமை கல்லூரிகளின் கைக்கு வந்தது. அவை கூட்டணி வழியாக விற்கத் தொடங்கின. அதற்குப் பிறகு, எந்தக் கூட்டணியில் பெரிய பெயர்கள் அதிகமோ அங்கே பணமும் அதிகம் என்றாகிவிட்டது.

2022-ல் பிக் டென் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி ஆகியவற்றோடு செய்த ஏழு வருட ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல். 2023 நிதியாண்டில் பிக் டென் தன் பழைய உறுப்பினர் ஒவ்வொன்றுக்கும் சுமார் 6 கோடி டாலர் கொடுத்தபோது, பேக்-12 கொடுத்தது சுமார் 3.4 கோடி. வருடா வருடம் இந்த வித்தியாசம் இருந்தால் பயிற்சியாளர் சம்பளத்தில் தொடங்கி எல்லாவற்றிலும் பின்தங்க வேண்டியதுதான். 2025-ல் ஒரு நீதிமன்ற உடன்பாட்டின்படி கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றும் ஆயிற்று. முதல் வருட உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு சுமார் 2.05 கோடி டாலர். நெருக்கடி இன்னும் கூடிவிட்டது.

கூட்டணி வேறானால் என்ன? பழைய எதிரியோடு தனியாக ஒரு ஆட்டம் வைத்துக்கொள்ளக் கூடாதா?

வைத்துக்கொள்ளலாம். எந்த விதியும் தடுக்கவில்லை. இந்த விஷயத்தில் பலரும் தவறவிடுவது இதைத்தான்.

கணக்கைப் பாருங்கள். வழக்கமான சீசனில் ஒரு அணிக்கு 12 ஆட்டம். பிக் டென், பிக் 12 அணிகளுக்குக் கூட்டணிக்குள்ளேயே 9 போய்விடும். எட்டோடு நிறுத்தியிருந்த எஸ்இசியும் 2026 முதல் 9 என்று முடிவெடுத்துவிட்டது. மிச்சம் மூன்று. சொந்த மைதானத்தில் ஆடினால்தான் டிக்கெட் வருமானம். ஆகவே அந்த மூன்றில் ஒன்றிரண்டைச் சின்னக் கல்லூரிக்குப் பணம் கொடுத்து வரவழைத்து நிரப்புவார்கள். உறுதியான வெற்றி, உறுதியான வசூல். கடைசி ஒன்றுக்குத்தான் பழைய எதிரியும் மற்றவர்களும் வரிசையில் நிற்க வேண்டும்.

ஒரே கூட்டணியில் இருந்தவரை ஆட்டத்தை அட்டவணையே கொண்டுவந்து கொடுத்துவிடும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஆடியாக வேண்டும். பிரிந்த பிறகு இரண்டு பேரும் மனமுவந்து கையெழுத்துப் போட வேண்டும். ஆக, 'நான் வரமாட்டேன்' என்று சொல்லும் அதிகாரம் முதன்முறையாகக் கைக்கு வருகிறது. அந்த அதிகாரத்தைச் சிலர் கோபத்தில் பயன்படுத்துகிறார்கள், சிலர் பயத்தில். போட்டிகளைக் கொன்றது தாவல் மட்டும் அல்ல, அதற்குப் பிறகு வந்த இந்த மறுப்பும்தான் என்பது என் கருத்து.

டெக்சாஸும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் ஏன் இத்தனை வருடம் ஆடவில்லை?

கோபத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

டெக்சாஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ஆஸ்டினுக்கும் ஏ அண்ட் எம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷனுக்கும் காரில் சுமார் 160 கிலோமீட்டர். 1894 முதல் 118 ஆட்டங்கள். நன்றி நவிலல் வாரத்தில் இந்த ஆட்டம் இல்லாமல் டெக்சாஸில் பல வீடுகளில் விருந்தே இறங்காது. ஒரு கல்லூரியின் பாட்டில் மற்றதன் பெயர் வரும்.

2011-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஈஎஸ்பிஎன்னோடு சேர்ந்து தனக்கென்றே லாங்ஹார்ன் நெட்வொர்க் என்ற சேனலைத் தொடங்கியது. இருபது வருடத்துக்கு 30 கோடி டாலர். கூட்டணியில் மற்றவர்களோடு உட்கார்ந்துகொண்டே தனிக்கடை போட்டால் பக்கத்தில் இருப்பவர் சும்மா இருப்பாரா? அந்தச் சேனலில் பள்ளி அணிகளின் ஆட்டங்களையும் காட்டத் திட்டமிட்டார்கள். அதாவது, நாளை எந்தக் கல்லூரியில் சேர்வது என்று யோசிக்கிற பையன்களை டெக்சாஸ் சேனலிலேயே காட்டுவது. என்சிஏஏ அதற்குத் தடை போட்டது. ஆனாலும் ஏ அண்ட் எம்மின் பொறுமை அதற்குள் தீர்ந்துவிட்டது. 2012-ல் அது பிக் 12-ஐ விட்டு எஸ்இசிக்குப் போய்விட்டது.

பிரிவதற்கு முன் கடைசி ஆட்டம் 2011 நவம்பர் 24 அன்று, காலேஜ் ஸ்டேஷனில். ஏ அண்ட் எம் 25-24 என்று முன்னால் இருக்க, கடிகாரம் ஓடி முடிகிற நொடியில் டெக்சாஸின் ஜஸ்டின் டக்கர் அடித்த ஃபீல்ட் கோல் (பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) கம்பங்களுக்கு நடுவே போனது. 27-25. அடுத்த பன்னிரண்டு சீசன் அந்தத் தோல்விக்குப் பதிலடி கொடுக்க வாய்ப்பே கிடைக்கவில்லை. இடையில் 'இரண்டு கல்லூரியும் ஆடியே ஆக வேண்டும்' என்று மாநிலச் சட்டமன்றத்தில் மசோதாகூடக் கொண்டுவந்தார்கள், நிறைவேறவில்லை. ஏ அண்ட் எம் மாணவர்கள் மட்டும், எந்த அணியோடு ஆட்டமானாலும், டெக்சாஸின் சின்னமான மாட்டின் கொம்பை அறுப்போம் என்று ஒவ்வொரு வாரமும் பாடிக்கொண்டே இருந்தார்கள். எதிரே நிற்பது யாரோ, திட்டு வாங்குவது யாரோ.

கடைசியில் 2024-ல் டெக்சாஸும் எஸ்இசியில் சேர்ந்தது. எஸ்இசியில் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து நாங்கள் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று ஏ அண்ட் எம் தரப்பு 2021-லேயே வெளிப்படையாகச் சொன்னது. ஆனால் வாக்கெடுப்பு வந்தபோது 14-0. மறுபடி மோதியபோது டெக்சாஸ் 17-7 என்று வென்றது. 2025-ல் 11-0 என்று தோல்வியே காணாமல் ஆஸ்டினுக்கு வந்த ஏ அண்ட் எம்மை 27-17 என்று மறுபடி வீழ்த்தியது. பிரித்ததும் கூட்டணிதான், சேர்த்துவைத்ததும் கூட்டணிதான்.

மிசூரி – கேன்சஸ்?

அங்கே பகை ஃபுட்பாலுக்கு முந்தையது. 1850-களில் அடிமைமுறையை எதிர்த்த கேன்சஸுக்கும் ஆதரித்த மிசூரிக் கும்பல்களுக்கும் நடந்த எல்லை மோதல், 1863-ல் லாரன்ஸ் ஊரில் சுமார் 150 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டதில் போய் முடிந்தது. கேன்சஸ் பல்கலைக்கழகம் இருப்பது அதே லாரன்ஸில்தான். 1891 முதல் ஃபுட்பாலில் மோதிய இரு கல்லூரிகளும், 2012-ல் மிசூரி எஸ்இசிக்குப் போனதோடு நிறுத்திக்கொண்டன. விட்டுப்போனவனோடு ஆட மாட்டோம் என்பதுதான் கேன்சஸின் நிலை. பத்து வருடத்தில் அந்தச் சூடு தணிந்தது. 2021 டிசம்பரில் கூடைப்பந்து திரும்பியது; கேன்சஸ் 102-65 என்று துவைத்து எடுத்தது. 2025 செப்டம்பரில் ஃபுட்பாலும் திரும்பியது. அதில் மிசூரி 42-31.

ஓக்லஹோமாவில் நடந்தது என்ன?

ஒரே மாநிலத்தின் இரண்டு பெரிய கல்லூரிகளான ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் மோதும் ஆட்டத்துக்கு பெட்லம் என்று பெயர். 2023 நவம்பர் 4 அன்று, ஸ்டேட்டின் ஊரான ஸ்டில்வாட்டரில் ஓக்லஹோமா ஸ்டேட் 27-24 என்று வென்றது. ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி கோல் கம்பத்தைச் சாய்த்தார்கள். அடுத்த வருடம் ஓக்லஹோமா, டெக்சாஸோடு சேர்ந்து எஸ்இசிக்குப் போய்விட்டது. ஒரு வருடம் முன்னதாகவே கிளம்புவதற்கு இரண்டும் சேர்ந்து பிக் 12-க்குக் கொடுத்தது 10 கோடி டாலர். போகிறவர்கள் எடுத்த முடிவால் போட்டி முடிகிறது, அவர்களுக்காக நாங்கள் அட்டவணையை மாற்ற முடியாது என்பதே ஓக்லஹோமா ஸ்டேட்டின் அப்போதைய பயிற்சியாளர் மைக் கண்டி திரும்பத் திரும்பச் சொன்னது. மொத்தக் கணக்கு ஓக்லஹோமாவுக்கு 91 வெற்றி, ஸ்டேட்டுக்கு 20. கடைசியாக ஜெயித்தது தாங்கள்தான் என்று சொல்லிக்கொள்ளும் சுகமும் ஸ்டேட்டுக்கு இருக்கிறது, அதை ஏன் விடுவார்கள்?

பேக்-12 எப்படிக் கலைந்தது?

1915-ல் தொடங்கிய மேற்குக் கரைக் கூட்டணி அது. சரிவு ஒரே நாளில் வரவில்லை. 2012-ல் முழுக்கத் தனக்கே சொந்தமாக ஒரு டிவி நெட்வொர்க் தொடங்கியது. டைரக்டிவி என்ற பெரிய செயற்கைக்கோள் டிவி நிறுவனத்தோடு ஒப்பந்தம் கடைசிவரை படியவே இல்லை. மேற்குக் கரையில் இரவு ஆட்டம் தொடங்கும்போது கிழக்குக் கரையில் ஊரே தூங்கப் போயிருக்கும் என்பது இன்னொரு சிக்கல்.

2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் இரண்டு பெரிய கல்லூரிகளான யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. லாஸ் ஏஞ்சலிஸ் போய்விட்டால் விற்பதற்கு என்ன இருக்கிறது? அடுத்த ஒரு வருடம் புதிய ஒப்பந்தம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று இழுத்தார்கள். கடைசியில் மேசைக்கு வந்தது ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங் ஒப்பந்தம். எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதைப் பொறுத்துப் பணம். 2023 ஜூலை இறுதியில் கொலராடோ கழன்றது. ஆகஸ்ட் 4 அன்று வாஷிங்டனும் ஆரிகனும் பிக் டென்னுக்கு. அதே வேகத்தில் அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கு. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஒரு மாதம் தவித்துவிட்டு ஏசிசியில் இடம் பிடித்தன. அதுவும் பல வருடங்களுக்குக் குறைந்த பங்குக்குச் சம்மதித்து.

இதில் ஒரு வேடிக்கை. பெர்க்லியும் யூசிஎல்ஏவும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் என்ற ஒரே அமைப்பின் இரண்டு வளாகங்கள். ஒன்று போனதால் இன்னொன்றுக்கு நஷ்டம் என்று, யூசிஎல்ஏ பெர்க்லிக்கு வருடம் 1 கோடி டாலர் தர வேண்டும் என்று ஆட்சிக்குழு முடிவு செய்தது. விவாகரத்து முடிந்து ஜீவனாம்சம் கட்டுகிற மாதிரிதான்.

மிச்சமாக நின்ற இரண்டு கல்லூரிகளின் கதி?

ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். இரண்டும் தலைநகரமோ பெருநகரமோ இல்லாத சின்ன ஊர்க் கல்லூரிகள், கோர்வாலிஸும் புல்மனும். யாரும் அழைக்கவில்லை. பன்னிரண்டு பேர் இருந்த வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். கூட்டணியின் சொத்தும் பெயரும் யாருக்கு என்று நீதிமன்றம் போய், அது தங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று ஜெயித்தார்கள். ஆனால் ஆட ஆள் வேண்டுமே! 2024-ல் மவுன்டன் வெஸ்ட் கூட்டணிக்கு 1.4 கோடி டாலர் கொடுத்து ஆளுக்கு ஆறு ஆட்டம் வாங்கினார்கள். 2025-ல் அட்டவணையை நிரப்ப, ஒரே நவம்பர் மாதத்தில் தங்களுக்குள் இரண்டு முறை மோதிக்கொண்டார்கள்.

உள்ளூர்ப் பகைக்கு வருவோம். வாஷிங்டன் – வாஷிங்டன் ஸ்டேட் ஆட்டத்துக்கு 1962 முதல் ஆப்பிள் கப் என்று பெயர். அந்த மாநிலம் ஆப்பிளுக்குப் பேர்போனது. நவம்பர் கடைசியில், சில வருடம் பனி கொட்டக் கொட்ட நடக்கும். பிரிந்த பிறகு 2028 வரை ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால் நவம்பர் முழுக்கப் பிக் டென் ஆட்டங்களுக்குப் போய்விட்டதால் ஆப்பிள் கப் செப்டம்பருக்கு நகர்ந்தது. 2024-ல் சியாட்டிலில் 24-19 என்று வாஷிங்டன் ஸ்டேட் முன்னால். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் போல இருக்கும்போது, வாஷிங்டன் கோல் கோட்டுக்கு ஒரு கெஜத்தில் நிற்கிறது. நான்காவது, கடைசி முயற்சி. தடுத்துவிட்டார்கள். கைவிடப்பட்ட கல்லூரி, விட்டுப்போனவனை அவன் ஊரிலேயே வீழ்த்தியது. அடுத்த வருடம் புல்மனில் வாஷிங்டன் 59-24 என்று வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. பணத்தில் பள்ளம் விழுந்தால் ஸ்கோரிலும் விழ எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பவர்கள் அந்த எண்ணைப் பார்க்கலாம்.

ஆரிகன் – ஆரிகன் ஸ்டேட் கதை இன்னும் சோகம். ஆரிகனின் சின்னம் வாத்து, ஸ்டேட்டின் சின்னம் பீவர். வாத்தின் அலகும் பீவரின் வாலும் உள்ள பிராணி பிளாட்டிபஸ் என்பதால், 1959-ல் ஒரு கலை மாணவர் மரத்தில் பிளாட்டிபஸ் கோப்பை ஒன்றைச் செதுக்கினார். அது பல பத்தாண்டுகள் காணாமல் போய், 2000-களில்தான் கண்டுபிடித்தார்கள். 1894-ல் தொடங்கிய இந்த ஆட்டமும் செப்டம்பருக்குப் போனது: 2024-ல் 49-14, 2025-ல் 41-7, இரண்டும் ஆரிகனுக்கு. வாத்து பணக்கார வீட்டுக்குப் போய்விட்டது. முதல் சீசனிலேயே பிக் டென் பட்டமும் வாங்கிவிட்டது.

பிரிந்த பிறகும் தொடர்கிற போட்டிகள் உண்டா?

உண்டு, நிறையவே. ஜார்ஜியா டெக் 1964-ல் எஸ்இசியை விட்டுப் போனது. ஜார்ஜியாவோடு இன்றும் ஆடுகிறது. சவுத் கரோலினா 1971-ல் ஏசிசியை விட்டது. கிளெம்சனோடு 1909 முதல் 2019 வரை ஒரு வருடம்கூடத் தவறவில்லை, 2020-ல் கோவிட்தான் நிறுத்தியது. டெக்சாஸும் ஓக்லஹோமாவும் 1996 வரை வெவ்வேறு கூட்டணி. ஆனாலும் 1929 முதல் வருடா வருடம் டல்லாஸில், மாநிலப் பொருட்காட்சிக்கு நடுவே மோதுகின்றன. இப்போது ஆடுவது காட்டன் பௌல் மைதானத்தில். நடுக்கோட்டில் பிரித்து பாதி இருக்கைகள் இந்த ரசிகர்களுக்கு, பாதி அந்த ரசிகர்களுக்கு. பிட்ஸ்பர்க் – வெஸ்ட் வர்ஜீனியா 2011-ல் நின்று 2022-ல் திரும்பியது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழச் சம பலம் உள்ளவர்களும், ஆடாவிட்டால் சொந்த ஊரில் தலைகாட்ட முடியாதவர்களும் எப்படியாவது ஆடிவிடுகிறார்கள். ஒருவர் பெரியவராகி இன்னொருவர் சின்னவராகிவிட்ட இடங்களில்தான் பெரியவருக்கு ஆர்வம் போய்விடுகிறது. தோற்றால் மானம் போகும், ஜெயித்தால் ஒன்றும் கிடைக்காது என்ற கணக்கு.

அப்படியானால் ஒரே கூட்டணியில் இருந்தால் போட்டி பத்திரமா?

அதுவும் இல்லை. நெப்ராஸ்கா – ஓக்லஹோமா ஒரு காலத்தில் நாட்டின் மிகப் பெரிய ஆட்டம். 1971-ல் முதல் இடமும் இரண்டாம் இடமும் மோதி நெப்ராஸ்கா 35-31 என்று வென்றதை இன்னும் பேசுவார்கள். 1996-ல் பிக் 12 உருவானபோது நெப்ராஸ்காவை வடக்குப் பிரிவிலும் ஓக்லஹோமாவைத் தெற்கிலும் போட்டார்கள். வருடாந்தர ஆட்டம் போய், நான்கு வருடத்தில் இரண்டு முறை என்றானது. 2011-ல் நெப்ராஸ்கா பிக் டென்னுக்குப் போனபோது, பெரிதாக அழுவதற்கு யாரிடமும் மிச்சம் இல்லை. இப்போது கூட்டணிகள் 16, 18 கல்லூரிகள் என்று வீங்கிவிட்டதால் இந்த ஆபத்து எல்லோருக்கும் இருக்கிறது.

ஃபுட்பால் தவிர மற்ற விளையாட்டுகளுக்கு?

உண்மையான சுமை அங்கேதான். ஃபுட்பால் அணி வருடத்தில் ஐந்தாறு முறை, தனி விமானத்தில் போய் வரும். வாலிபால், சாஃப்ட்பால், கால்பந்து (நம் ஊர் ஃபுட்பால்) அணிகள் வாரநாட்களிலும் ஆட வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூ ஜெர்சியின் ரட்கர்ஸுக்குக் கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர், மூன்று மணி நேர வித்தியாசம். டிவி பணத்தில் பெரும்பங்கைச் சம்பாதிப்பது ஃபுட்பால், அதற்காகத் தூக்கம் கெடுவது சாஃப்ட்பால் ஆடுகிற பெண்ணுக்கு.

பிள்ளையை அங்கே சேர்க்கப் போகிறோம். படிப்பில் ஏதாவது பாதிப்பு வருமா?

பட்டத்தின் மதிப்புக்கு ஒன்றும் ஆகாது. சில கல்லூரிகளில் கட்டண ரசீதில் விளையாட்டுக்கென்று ஒரு தொகை இருக்கும். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிக் டென்னில் 18, பிக் 12-ல் 16 கல்லூரிகளா? கணக்கு இடிக்கிறதே?

இடிக்கத்தான் செய்யும். பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த தாவல் எப்போது?

2026 ஜூலையில் பேக்-12 மறுபிறவி எடுக்கிறது: பாய்சி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சாஸ் ஸ்டேட் சேர்கின்றன, ஃபுட்பால் இல்லாத கோன்சாகாவும் உண்டு. அது நிலநடுக்கத்துக்குப் பின் வரும் சின்ன அதிர்வு. பெரியது 2030-ஐ ஒட்டி வரும் என்பது என் கணிப்பு. பிக் டென், பிக் 12 டிவி ஒப்பந்தங்கள் அந்தச் சமயத்தில்தான் முடிகின்றன. ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் ஏசிசி மீது போட்ட வழக்குகள் 2025-ல் சமரசமானபோது, வெளியேறும் கட்டணம் வருடா வருடம் குறைந்து 2030 வாக்கில் 7.5 கோடி டாலருக்கு வரும்படி ஒத்துக்கொண்டார்கள். கதவில் தேதி எழுதி ஒட்டியாகிவிட்டது.